மாசிச் சருகைக் கொளுத்த வேண்டாம்: வேலூர் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சத்துவாச்சாரி, காட்பாடி காந்தி நகர், பாகாயம், தொரப்பாடி என்று நகரெங்கும் இருக்கும் குடியிருப்போர் நலச் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

நான் கேட்கப்போவது பெரிய விஷயம் இல்லை. உங்கள் நகர்ப் பூங்காவில் ஒரு மூலை வேண்டும். பத்தடிக்குப் பத்தடி இருந்தால் போதும். அங்கே கோழி வலையால் ஒரு கூண்டு கட்டி, தெருவில் பெருக்கும் சருகை அதில் கொட்டிவைக்க உங்கள் அனுமதி வேண்டும். சந்தாவை உயர்த்தச் சொல்லவில்லை. ஆனால் மாதக் கூட்டத்தில் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் "பாம்பு வரும்", "நாத்தம் அடிக்கும்", "யார் பார்த்துக்கறது?" என்று மூன்று குரல் எழும். அத்தோடு பேச்சு தெருவிளக்குக்குத் தாவிவிடும். எழுதி அனுப்பினால் நடுவில் யாரும் மறிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நம் தெருமரங்கள் எப்போது இலை உதிர்க்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். தை கடைசியில் தொடங்கி மாசி, பங்குனி முழுக்க வேம்பும் புங்கமும் தூங்குமூஞ்சியும் கொட்டித் தீர்க்கும். காலையில் பெருக்கினால் மதியம் மறுபடி குப்பை. பங்குனி முடிவதற்குள் மரம் துளிர்த்துவிடும். அதற்கடுத்து சித்திரை, அப்புறம் கத்திரி. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குச் செய்தியே இல்லை. அந்த வெயிலில் பூங்காச் செடியும் மாடிச் செடியும் பிழைக்க மண்ணுக்கு மேல் ஒரு மூடாக்கு வேண்டும். மூன்று நான்கு விரற்கடை உயரத்துக்குச் சருகைப் பரப்பிவிட்டால், வெயில் நேரே மண்ணில் விழாது. காலையில் ஊற்றிய ஈரம் சீக்கிரம் ஆவியாகிப் போகாது. அதாவது, வெயிலுக்குத் தேவையான போர்வையை மரமே இரண்டு மாதம் முன்னால் கொடுத்துவிடுகிறது. நாம் அதை மாசியில் கொளுத்திவிட்டு, சித்திரையில் லாரித் தண்ணீருக்கு ஆள் அனுப்புகிறோம். காவிரியில் இருந்து அவ்வளவு தூரம் குழாயில் வரும் தண்ணீரைக் குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றுகிற வீடுகளும் உண்டு. அது தனிச் சண்டை, இங்கே வேண்டாம்.

கொளுத்துவது சட்டப்படியும் தப்பு. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே பொது இடத்தில் குப்பையை எரிக்கக் கூடாது என்றும், தோட்டக் கழிவைத் தனியாகச் சேர்த்துவைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டன. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாயும் பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் என்று உத்தரவு போட்டது. அபராதத்தைச் சொல்லிப் பயமுறுத்த வரவில்லை. காலை ஐந்தரை மணிக்குத் தெருமுனையில் புகையும் குவியலைப் பார்த்து யாருமே புகார் கொடுத்ததில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதில் பெருக்குகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தூய்மைப் பணியாளர் கையில் ஒரு தள்ளுவண்டி இருக்கிறது. அதில் வீட்டுக் குப்பையே கொள்ளாது. சருகுக்கு எடை இல்லை, இடம் மட்டும் ஊரை அடைக்கும். வண்டியில் ஏற்றினால் நாலு வீட்டோடு நிரம்பிவிடும். கொட்டிவைக்க இடம் இல்லாதபோது அவர் வேறு என்ன செய்வார்? நாலு காலி அரிசி மூட்டையும், அதைக் கொண்டுபோய்க் கவிழ்க்க ஒரு கூண்டும் இருந்தால் தீப்பெட்டிக்கு வேலையே இல்லை. அதை அவருடைய கூடுதல் வேலையாக ஆக்காமல், சங்கம் மாதம் ஏதோ ஒரு தொகை தனியாகக் கொடுப்பதுதான் மரியாதை.

சரி, அந்த மூன்று கேள்விக்கு வருவோம்.

பாம்பு எலிக்காக வருகிறது. எலி சோற்றுக்கும் எலும்புக்கும் வருகிறது. எனவே பொதுக் கூண்டில் சமைத்த எதுவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மிச்சமும் கோழி எலும்பும் அந்தப் பக்கமே போகக் கூடாது. காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், வெங்காயச் சருகு, டீத்தூள், பூ என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். டீக்கடை டீத்தூளில் சர்க்கரை ஒட்டியிருக்கும், ஒரு முறை அலசிவிட்டுப் போடாவிட்டால் எறும்பு குடியேறிவிடும். காய்ந்த சருகில் தேளும் பூரானும் ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதையும் மறைக்க மாட்டேன். வெறுங்கையால் அள்ளாமல் மண்கொத்தியால் கிளற வேண்டும். குழந்தைகள் ஊஞ்சலுக்குப் பக்கத்து மூலையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

நாற்றம் என்பது கணக்குத் தப்புவதால் வருவது. ஒரு வாளி சமையலறைக் கழிவு போட்டால் மேலே இரண்டு மூன்று வாளி சருகு போட வேண்டும். பச்சைக் கழிவில் தண்ணீர் அதிகம். மேலே சருகு இல்லாவிட்டால் அது கசகசவென்று படிந்து, உள்ளே காற்று போகாமல் அழுகும். காற்று இல்லாத அழுகல்தான் மூக்கைப் பிடிக்க வைப்பது. காற்று உள்ளே போனால் அழுகாது, மக்கும். குவியலில் இருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள்: விரலில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் இன்னும் சருகு; தூசியாகப் பறந்தால் கொஞ்சம் தண்ணீர். வாரம் ஒரு தடவை புரட்டிவிட வேண்டும். புளித்த மோரோ சாணிக் கரைசலோ தெளித்தால் வேகம் கூடும். சரியாக அமைந்த குவியலின் நடுவில் கையை வைக்க முடியாது, 55 அல்லது 60 டிகிரி வரை சூடு ஏறும். அந்தச் சூட்டில் களை விதைகளில் பெரும்பாலானவை செத்துப்போகும். இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக, மழை பெய்த மண் வாசத்தோடு உரம் கிடைக்கும். வெறும் சருகை மட்டும் குவித்தால் ஆறு மாதமோ அதற்கு மேலுமோ ஆகும். அவசரம் இல்லாதவர்களுக்கு அதுவும் நல்லதே, சருகுமக்கு நாற்று விட அருமையான பொருள்.

இங்கே கவனிக்க வேண்டியது, இரண்டு கழிவும் ஒன்றுக்கொன்று தேவைப்படுகிறது என்பது. சருகு மாசி பங்குனியில் மட்டும்தான் வண்டிவண்டியாகக் கிடைக்கும். சமையலறைக் கழிவு வருடம் முழுக்க வரும். மாசியில் சருகைச் சேமிக்காத தெருவில் ஆடி மாதம் உரக்குழி நாறத்தான் செய்யும். உரக்குழித் திட்டம் பல இடங்களில் ஆரம்பித்த வேகத்திலேயே படுத்துவிடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. தொட்டியைக் கட்டுகிறோம், பலகை வைக்கிறோம், போட்டோ எடுக்கிறோம். சருகை மட்டும் கொளுத்திவிடுகிறோம்.

"யார் பார்த்துக்கறது?" என்றால், என்னைப் போன்ற மாடித்தோட்டக்காரர்கள் பார்த்துக்கொள்கிறோம். உரம் எங்களுக்குத்தானே வேண்டும். கடையில் மண்புழு உரமும் தென்னை நார்க்கழிவுக் கட்டியும் பிளாஸ்டிக் பையில் வாங்கி வந்து, அந்தப் பையைக் குப்பையில் போட்டுவிட்டு, இயற்கை விவசாயம் பேசுகிறோம்.

ஆம், எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மாடித்தோட்டம் குப்பையைக் குறைக்கிறது என்று நாங்கள் சொல்லிக்கொள்வது பாதிதான் உண்மை. செடி வளர்க்கும் பை இந்த ஊர் வெயிலில் எத்தனை காலம் தாங்கும்? மட்டமான பை ஒன்றிரண்டு கோடையிலேயே வெளுத்து, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். நொறுங்கியது மண்ணோடு கலந்தால் பொறுக்கி எடுக்க வழியே இல்லை. காயலான் கடைக்காரரும் மண் ஒட்டிய பையை எடுக்க மாட்டார். பச்சை நிழல்வலையும் அப்படித்தான் நூல் நூலாக உதிரும். ஆகவே புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது: பை வாங்குவதென்றால் கெட்டியானதாக, குறைவாக வாங்குங்கள். வெடிப்பு விடத் தொடங்கும்போதே மண்ணை மாற்றிவிட்டுப் பையை முழுசாக எடுத்துவிடுங்கள். கரிகிரியில் இன்னும் மண்பாண்டம் செய்கிறார்கள், பூந்தொட்டிக்கு அவர்களிடம் போகலாம். மண்தொட்டி கனம், மாடி தாங்குமா என்று பார்க்க வேண்டும், வெயிலில் சீக்கிரம் காயவும் செய்யும். மூடாக்கு போட்டால் அந்தக் குறை பெருமளவு தீரும்.

மரக்கன்று விழாக்களுக்கும் ஒரு வார்த்தை. கன்றை நட்டுவிட்டுக் கறுப்புப் பாலித்தீன் உறையைக் கிழித்து அங்கேயே போட்டுவிடுகிறார்கள். சிலர் உறையோடேயே புதைத்துவிடுகிறார்கள். முதல்நாள் தண்ணீர் ஊற்றி, அடியைத் தட்டினால் கன்று மண்கட்டியோடு வழுக்கி வந்துவிடும். உறை கிழியாது. அதைக் கொண்டுபோய் நர்சரியில் கொடுத்தால் மறுபடி பயன்படுத்துவார்கள். சங்கம் மொத்தமாகக் கன்று வாங்கும்போதே "உறையைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டுவிட்டு வாங்கினால் நர்சரிக்காரரும் யோசிப்பார்.

பழைய பொருளில் செடி வைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் இந்த வடாற்காட்டு மண்ணில் ஒரு எச்சரிக்கை தேவை. பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் நீல டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் அதில் கீரையோ கத்திரியோ போட வேண்டாம். தோல் பதனிடும் தொழில் சூழ்ந்த பகுதி இது, குரோமிய உப்பு உட்பட பல ரசாயனங்கள் இங்கே புழங்குகின்றன. தோல் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் என்ன செய்தது என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் கொடுத்த தீர்ப்பே சாட்சி. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்த தீர்ப்பு அது, சட்டக் கல்லூரிகளில் இன்றும் வேலூர் பெயரைச் சொல்லித்தான் பாடம் நடத்துகிறார்கள். அந்த வழக்கைப் போட்டது பெரிய கட்சியோ கம்பெனியோ இல்லை, வேலூர் குடிமக்கள் நல மன்றம். நலச் சங்கங்களால் என்ன ஆகும் என்று சலித்துக்கொள்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பெயின்ட் வாளி, எண்ணெய் டின், உடைந்த குடம் எல்லாவற்றுக்கும் அடியில் ஓட்டை போட மறக்காதீர்கள். தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு முட்டையிடும், அந்த முட்டை தண்ணீர் வற்றிய பிறகும் பல மாதம் காத்திருந்து அடுத்த மழைக்குப் பொரியும். இளநீர் மட்டையும் அதே கதைதான். முழுசாகப் போட்டால் மக்க ஆண்டுக் கணக்கில் ஆகும், மழை பெய்தால் ஒவ்வொன்றும் ஒரு கிண்ணம். நாலாக வெட்டிச் செடி அடியில் கவிழ்த்தால் மூடாக்கு.

கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சங்கங்களுக்கு இன்னொரு வளம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வாசலில் கட்டிய வாழைமரத்தில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) நிறைய. துண்டுபோட்டுக் கூண்டில் சேர்த்தால் அருமையாக மக்கும். மாலைகளை மட்டும் நைலான் நூலை உருவாமல் போடாதீர்கள், ஒரு மாலை நூல் போதும், மண்கொத்தியில் சுற்றிக்கொண்டு உயிரை வாங்கும்.

இதெல்லாம் வெளியூர்ப் புத்தி என்று யாரும் நினைக்க வேண்டாம். குப்பையை வளமாக நடத்தும் முறையை இந்த ஊரில் செய்துகாட்டி வெளி மாநிலங்களுக்கும் கொண்டுபோனவர் 'வேலூர்' சீனிவாசன். சத்தீஸ்கரில் அம்பிகாபூர் நகரம் அந்த முறையை எடுத்துக்கொண்டு, மகளிர் சுய உதவிக் குழுக்கள் மூலம் வீடு வீடாகக் குப்பை பிரித்து நாடறியப் பெயர் வாங்கிவிட்டது. ஊர்ப்பெயரை இவர் பெயரோடு சேர்த்துச் சொல்லிப் பெருமைப்படுகிற நாம், தெருமுனையில் சருகைக் கொளுத்திக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக, உரம் கையில் வந்த பிறகு ஒரு ஆசை. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் மாவட்டத்துச் செடி, நம் தெருவில் எத்தனை வீட்டில் இருக்கிறது? மாடியில் வளர்ந்தால் இலவம்பாடி மண்ணின் ருசி அப்படியே வருமா என்பது சந்தேகம்தான், முள்ளாவது வரும். பழுத்து மஞ்சளான காயில் இருந்து விதை எடுத்துக் காயவைத்துக் காகிதத்தில் மடித்துக் கூண்டுப் பக்கத்தில் ஒரு டப்பாவில் வைத்தால், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். பளபளப்பு உறையில் வரும் விதைக்குச் செலவு மிச்சம்.

அடுத்த கூட்டத்தின் பொருள் பட்டியலில் இதைத் தெருவிளக்குக்கு முன்னால் வையுங்கள். மாசி பிறப்பதற்குள் முடிவு தெரிந்தால் நல்லது. பூங்கா மாநகராட்சிக்குச் சொந்தம் என்றால் கடிதம் சங்கத்தின் பெயரில்தான் போக வேண்டும், தனி ஆள் கேட்டால் நடக்காது. வலையும் மண்கொத்தியும் நாங்கள் கொண்டுவருகிறோம். பூங்காக் குழாயின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரி மாடித்தோட்டக்காரர் ஒருவர்