ஐ-94 தேதியை முதல் நாளே கேளுங்கள்: தமிழ் லோன் ஆபீசர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் வீட்டுக்கடன் ஏற்பாடு செய்து தரும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். தமிழ்ச் சங்க விழாக்களில் வாசலோரம் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் நீங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் யாராவது "வீடு பார்க்கிறோம், நல்ல லோன் ஆபீசர் இருந்தா சொல்லுங்க" என்று போட்டால் ஐந்தாவது நிமிடம் உங்கள் எண் வந்து விழுகிறது. ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சப்படும் கேள்வியையும் உங்களிடம் தமிழில் கேட்டுவிடலாம் என்றுதான் உங்களைத் தேடி வருகிறோம். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

உங்களில் ஒருவரிடம் நான் முதலில் கேட்டதே இதைத்தான்: "நான் எச்-1பி வேலை விசாவுல இருக்கேன், அதனால சிக்கல் வருமா?" யோசிக்கவேயில்லை அவர். "அதெல்லாம் ஒரு விஷயமே இல்லைங்க, தினமும் பண்றோம்." சம்பளச் சீட்டு, இரண்டு வருட டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பளச் சான்று), கிரெடிட் ஸ்கோர், அவ்வளவுதான். இவ்வளவு கடன் கிடைக்கும் என்ற ப்ரீ-அப்ரூவல் கடிதம் மறுநாளே வந்துவிட்டது. அதை நம்பி வீடு பேசி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, எர்னஸ்ட் மணி என்ற முன்பணமும் கட்டினோம்.

மூன்றாவது வாரம், கடனை ஆராய்ந்து முடிவெடுக்கும் அண்டர்ரைட்டரிடமிருந்து ஒரு பட்டியல் வந்தது. பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா முத்திரை காலாவதியாகிவிட்டதாம், புதியது வேண்டுமாம். அந்த முத்திரை நாட்டுக்குள் நுழைவதற்குத்தான். உள்ளே எதுவரை இருக்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 என்ற நுழைவுப் பதிவு. போன மாதம் வந்திறங்கிய பையனுக்கும் இது தெரியும். சரி, விளக்கினோம். அடுத்த கேள்வி: ஐ-94 முடிய ஐந்து மாதம்தானே இருக்கிறது, கடனோ முப்பது வருடம் ஆயிற்றே? நிறுவனம் நீட்டிப்புக்கு விண்ணப்பித்த ரசீதை அனுப்பினோம். உரிய நேரத்தில் விண்ணப்பித்திருந்தால் ஐ-94 தேதி தாண்டிய பிறகும் அதே நிறுவனத்தில் 240 நாள் வரை வேலை பார்க்கலாம் என்ற விதியையும் எடுத்துக்காட்டினோம். ரசீது செல்லாது, ஒப்புதல் தாள் வந்தால் பேசலாம் என்று முடித்துவிட்டார்கள்.

அதற்குள் ரேட் லாக், அதாவது பேசிய வட்டியைப் பிடித்துவைத்த கெடு, காலாவதியானது. நீட்டிக்கத் தனிக் கட்டணம். விற்பவரின் ஏஜென்ட் தினமும் காலை எட்டு மணிக்கு அழைத்து "இன்றைக்காவது முடிவு தெரியுமா?" என்பார். நம் லோன் ஆபீசரைக் கேட்டால், "அண்டர்ரைட்டிங் கையில இருக்குங்க, நான் என்ன பண்றது?" கடைசியில் வேறொரு நிறுவனத்துக்குப் போனேன். அதே சம்பளச் சீட்டு, அதே ஐ-94, அதே ரசீது. அங்கே விசா பற்றி யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. கடன் கிடைத்தது, கால் சதவீதம் கூடுதல் வட்டியில்.

அப்புறம்தான் விதியைத் தேடிப் படித்தேன். உங்கள் நிறுவனங்கள் கொடுக்கும் கடன்களில் பலவற்றை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே நிறுவனம், சட்டப்படி இங்கே வசிப்பவர் கிரீன் கார்டு இல்லாதவராக இருந்தாலும் குடிமக்களுக்கு உள்ள அதே நிபந்தனைகளில்தான் அவருடைய கடனை ஏற்கிறது. எந்த ஆவணம் வேண்டும் என்று அது பட்டியல் போடவில்லை. ஒவ்வொருவர் நிலையையும் பார்த்துக் கடன் கொடுப்பவரே தீர்மானிக்கட்டும் என்று விட்டிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த நிபந்தனைகளைச் சொருகுகிறது. உங்கள் தொழிலில் அதற்கு ஓவர்லே என்று பெயர். ஒருவர் ஐ-94-இல் ஒரு வருடமாவது மீதி இருக்க வேண்டும் என்பார். இன்னொருவர் கிரீன் கார்டுக்காக வேலை தரும் நிறுவனம் போடும் ஐ-140 மனுவின் ஒப்புதலைக் கேட்பார். மற்றவர் எதுவும் கேட்க மாட்டார். குடியேற்ற நிலையைக் கடன் கொடுப்பவர் கணக்கில் எடுக்கக் கடன் சமவாய்ப்புச் சட்டத்தின் விதிகளே இடம் கொடுக்கின்றன, அதனால் ஓவர்லே வைப்பது குற்றம் என்று நான் வாதாட வரவில்லை. அது இருப்பது எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அல்லது தெரிந்திருக்க வேண்டும். (எச்-1பி என்றால் 20 சதவீதம் டவுன் பேமென்ட் கட்டாயம் என்ற புரளியும் இந்த மௌனத்தில்தான் வளர்கிறது. 20 சதவீதம் என்பது கடன் காப்பீட்டுக் கட்டணத்தைத் தவிர்ப்பதற்கு. விசாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

அரசு காப்பீடு தரும் எஃப்.எச்.ஏ. கடனின் கதை இன்னும் மோசம். 3.5 சதவீத டவுன் பேமென்ட் போதும் என்பதால் கையில் சேமிப்பு குறைந்தவர்கள் அதைத்தான் நாடுவார்கள். வேலை அனுமதி ஒரு வருடத்துக்குள் முடிவதாக இருந்தாலும், முன்பு புதுப்பிக்கப்பட்டிருந்தால் இம்முறையும் புதுப்பிக்கப்படும் என்று எடுத்துக்கொள்ளலாம் என அதன் கையேட்டில் நியாயமான ஒரு விதி இருந்தது. 2025 மார்ச் 26 அன்று வெளியான கடிதத்தோடு அந்தக் கதவு மூடியது. அந்த ஆண்டு மே 25 முதல் பதிவாகும் கடன்களுக்கு, நிரந்தரமாக வசிக்கும் உரிமை இல்லாத வெளிநாட்டவர்கள் எஃப்.எச்.ஏ. பக்கமே போக முடியாது. கிரீன் கார்டு இருந்தால் போகலாம். ஆனால் அதற்கு முன் எடுத்த வீடியோக்களை உங்களில் சிலர் இன்னும் குழுக்களில் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இருவர் சம்பளத்தையும் சேர்த்துக் கடன் போடும் தம்பதியருக்கு இன்னொன்று. மனைவியோ கணவரோ எச்-4 இ.ஏ.டி.யில் (எச்-1பி-க்காரரின் துணைக்குக் கிடைக்கும் வேலை அனுமதி அட்டை) வேலை பார்த்தால், புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கையில் பழைய அட்டை தானாக நீளும் வசதி, 2025 அக்டோபர் 30 முதல் தாக்கல் செய்யும் விண்ணப்பங்களுக்கு இல்லை. புது அட்டை தாமதமானால் வேலையை நிறுத்த வேண்டியதுதான். அந்தச் சம்பளத்தை நம்பித் தவணை போடலாமா என்பதை அண்டர்ரைட்டருக்கு முன்னால் அவர்களோடு உட்கார்ந்து நீங்கள் பேச வேண்டும்.

வேலை போனால் என்ன ஆகும் என்பதையும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. எச்-1பி-க்காரருக்கு 60 நாள் அவகாசம், அதுவும் ஐ-94 அதற்கு முன்பே முடியாமல் இருந்தால். விசா போனால் கடன் ரத்தாகாது, வீடும் கையை விட்டுப் போகாது. இந்தியாவிலிருந்தபடியே வாடகைக்கு விடலாம். ஆனால் வரிக்கணக்கில் வெளிநாட்டவராகிவிட்ட பிறகு விற்றால், பொதுவாக விற்பனை விலையில் 15 சதவீதத்தை வரிக்காகப் பிடித்துவைப்பார்கள். லாபத்தில் 15 சதவீதம் அல்ல, விலையில். வரி தாக்கல் செய்துதான் மீதியை வாங்க வேண்டும். இதைச் சொன்னால் வாடிக்கையாளர் பயந்து ஓடிவிடுவார் என்று நினைக்கிறீர்களோ என்னவோ. நான் ஓடியிருக்க மாட்டேன். கொஞ்சம் சின்ன வீடாகப் பார்த்திருப்பேன்.

இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இது இரண்டு மூன்று வருடத்தில் தீரும் பாடு அல்ல. கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பால், பத்து வருடத்துக்கு மேல் அதற்கான வரிசையில் நிற்பவர்கள் ஏராளம். ஐ-140 ஒப்புதலான பிறகு மூன்று மூன்று வருடமாக நீட்டிப்பு வாங்கி, அதற்குள் பிள்ளை நடுநிலைப் பள்ளிக்குப் போய்விடுகிறது. அதுவரை வாடகை வீட்டிலேயே இருங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. வீடு வாங்கத்தான் செய்வோம். உங்களிடம்தான் வருவோம்.

அதனால் முதல் அழைப்பில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் ஐ-94 தேதியைக் கேளுங்கள். எத்தனையாவது வருட எச்-1பி, ஐ-140 இருக்கிறதா, நீட்டிப்பு விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு உங்கள் அண்டர்ரைட்டருக்கு ஒரு வரி எழுதி, ரசீது போதுமா போதாதா என்று பதில் வாங்கி, அந்தப் பதிலை எங்களுக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். போதாது என்றால் அதையும் சொல்லுங்கள். எர்னஸ்ட் மணி கட்டுவதற்கு முன்பே வேறு இடம் பார்த்துக்கொள்வோம்.

என் அலுவலக நண்பர் ஒருவர் அடுத்த வாரம் உங்களில் ஒருவரை அழைப்பார். எண் கொடுத்தது நான்தான். அவருடைய ஐ-94 வரும் பிப்ரவரியில் முடிகிறது, நீட்டிப்புக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அவராகச் சொல்ல மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர்