மீனாளுக்கு அப்பச்சி எழுதுவது

சிவமயம்
காரைக்குடி

மீனாளுக்கு,

ஆத்தா சுகம். பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க நீங்கள் யாரும் வரவில்லை. போன் பண்ணினால் சொக்கன் தூங்குகிறான் என்கிறாய். நான் எதையும் கேட்கவில்லை. பதினாறு வயதுப் பிள்ளைக்குப் போலீஸ், வழக்கு என்று ஒரு சங்கடம் வந்தால் செய்ய வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பள்ளிச் சான்றிதழை எடுத்து வை. சம்பவத்தன்று என்ன வயது என்பதுதான் கணக்கு. அது இல்லாவிட்டால்தான் நகராட்சிப் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையில் இல்லை.

பதினெட்டு முடியாதவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள், சிறுவர் வழக்குகளை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்தில் நிறுத்த வேண்டும். குழுமம் கூடாத நாளென்றால் ஒரு உறுப்பினர் முன்பு நிறுத்தலாம். ‘திங்கட்கிழமை பார்ப்போம்’ என்று ஸ்டேஷனில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே.

எந்தக் குற்றமானாலும் சிறுவனுக்கு ஜாமீன் கேட்கலாம். வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேருவான், அவனுக்கே ஆபத்து, நீதி கெடும் என்பவைதான் மறுக்கக் காரணம். வயதில் மூத்த கூட்டாளி இருந்தால் இங்கேதான் இடறும். அந்தச் சகவாசம் விட்டுப்போனதை நீதான் காட்ட வேண்டும்.

பையனின் குடும்பம், பழக்கவழக்கம் பற்றி விசாரிக்க நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார். அவர் தருகிற சமூக விசாரணை அறிக்கைக்குக் குழுமத்தில் மதிப்பு அதிகம். அவரிடம் பூசி மெழுகாதே, மீனா. பள்ளியிலும் பக்கத்து வீட்டிலும் கேட்பார். பேச்சு முரண்பட்டால் பெற்றவர்களால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று எழுதிவிடுவார். அப்புறம், வழக்கு நடக்கும்போது சிறுவர்களை வைக்கிற கூர்நோக்கு இல்லம்தான்.

செல்போன் பறிப்பு சிறு குற்றம். குறைந்தபட்சத் தண்டனையே 7 வருஷம் என்கிற கொடிய குற்றத்துக்குத்தான் பதினாறு முடிந்தவனைப் பெரியவனாக நடத்தலாமா என்று பார்ப்பார்கள். சிறு குற்ற விசாரணையை 4 மாதத்தில் முடிக்க வேண்டும், மேலே 2 மாதம் நீட்டலாம். அதற்குள்ளும் முடியாவிட்டால் வழக்கே அற்றுப்போகும். குற்றம் செய்தான் என்று குழுமம் முடிவு செய்தாலும் கண்டித்து அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், உங்கள் பொறுப்பில் விடலாம்.

வேலைக்குப் போக முடியாதே என்று அழாதே. முடிந்த வழக்கை நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் வெளியிடக் கூடாது. 2015 இளைஞர் நீதிச் சட்டத்திலேயே இருக்கிறது. பெயரைப் பத்திரிகையில் போடுவதும் குற்றம்.

எதையும் தனியாகத் தாங்குகிறவள் நீ. அதில் எனக்குப் பெருமைதான். அதற்காகப் பெற்றவர்களிடமுமா மறைப்பது? வக்கீலுக்காக நகையை அடகு வைக்காதே, சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகத் தருவார்கள். வாய்தா ஒன்றையும் விடாதே. பள்ளிச் சான்றிதழை மறக்காதே. பொங்கலுக்கு அவனை இங்கே அழைத்து வருவதானால் குழுமத்தில் கேட்டுவிட்டு வா.

அப்பச்சி