எத்தனை இடம் என்று கேட்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உணவு ஆய்வாளர்கள் மாதத்துக்கு எத்தனை இடம் பார்க்கிறார்கள் என்று தங்கள் தலையங்கம் கேட்டிருந்தது. பண்ணைகளிலும் உணவுக் கூடங்களிலும் 14 ஆண்டுகளாகச் சோதனைக்குப் போகிறவள் நான். ஓர் இடத்தில் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று கேளுங்கள்.

ஒரு குளிர்பதன அறை. வாசலில் தொங்கிய பதிவேட்டில் முப்பது நாளும் 4 டிகிரி. ஒரே பேனா, ஒரே சாய்வு. சுவரில் இருந்த காட்டியிலும் 4தான். அதன் உணர்கருவி விசிறிக்குப் பக்கத்தில் இருந்தது; அங்கே எப்போதும் குளிர்தானே! கையெழுத்துப் போட்டுக் கிளம்பியிருந்தால் பத்து நிமிட வேலை. பனிக்கட்டித் தண்ணீரில் வைத்து 0 காட்டுகிறதா என்று சரிபார்த்திருந்த என் வெப்பமானியைக் கதவோரப் பொட்டலங்களின் நடுவே செருகிக் காத்திருந்தேன். 9 காட்டியது. அதன் பிறகுதான் அங்கே வேலை பார்க்கும் பெரியவர் அருகில் வந்தார். "கதவு ரப்பர் கிழிஞ்சு ரொம்ப நாளாச்சும்மா. சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன்."

லிஸ்டீரியா 4 டிகிரியிலேயே மெல்லப் பெருகக்கூடிய கிருமி. 9 என்றால் அதற்கு இன்னும் வசதி. கண்ணுக்கோ மூக்குக்கோ எதுவும் தெரியாது. கர்ப்பிணிக்குத் தொற்றினால் கருவே கலைந்துபோகலாம்.

பால் பண்ணையிலும் இதே கதைதான். மடிநோய்க்கு மருந்து ஏற்றிய மாட்டின் பாலைக் குறிப்பிட்ட நாள்வரை விற்பனைக்குச் சேர்க்கக் கூடாது. காய்ச்சினாலும் மருந்தின் எச்சம் முழுதாகப் போகாது. பதிவேட்டில் மூன்று மாடுகள் இருக்கும். குப்பைத் தொட்டியைக் கிளறினால் அதைவிட அதிகமான மாடுகளுக்குப் போட்ட மருந்தின் காலிக் குழாய்கள் கிடக்கும். தொட்டிவரை போக நேரம் வேண்டாமா?

கெட்ட உணவால் ஆண்டுக்கு 60 கோடிப் பேர் நோயுறுகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் மதிப்பிட்டது. இறப்பவர்களில் 1,25,000 பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். எண்ணிக்கை இலக்கைத் துரத்தி ஓடும் ஆய்வாளரால் இவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. முன்கூட்டிச் சொல்லாமல் போகவும், முதலாளி இல்லாத நேரத்தில் தொழிலாளியிடம் பேசவும் எங்களுக்கு அரை நாளாவது கொடுங்கள். தாங்களும் அதற்காக எழுத வேண்டும்.

அந்தக் குளிர்பதன அறைக்கு மறுபடி போனேன். கதவில் புது ரப்பர். பதிவேட்டில் 3, 5, 4, 6 என்று எண்கள் ஏறி இறங்கியிருந்தன. 6க்குப் பக்கத்தில் பெரியவர் கையெழுத்தில், 'சரக்கு இறக்கும்போது கதவு திறந்திருந்தது.'

இப்படிக்கு,
உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர்