பெற்றோரின் நியாயத்தோடும் பேச வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தைத் திருமணங்கள் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தைக் கடுமையாக அமல்படுத்த வேண்டும் என்பது சரி. ஆனால், 18 வயதுக்கு முன் மகளுக்குத் திருமணம் முடிக்கும் பெற்றோரை மனசாட்சி இல்லாதவர்கள் என்று அதில் சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை. வயசுக்கு வந்த பெண்ணைப் பத்திரமாக ஒருவன் கையில் ஒப்படைப்பதே தகப்பன் கடமை என்று நம்பி வளர்ந்தவர்கள் அவர்கள். நமக்குக் குற்றமாகத் தெரிவது அவர்களுக்கு அறமாகத் தெரிகிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் தண்டனையை மட்டும் சொன்னால் திருமணம் நிற்காது. இரவோடு இரவாக வேறு ஊர்க் கோயிலில் நடந்துவிடும்.

பென்னாகரம் பக்கம் நான் ஆசிரியையாக இருந்தபோது, மாணவி ஒருத்தியின் திருமணத்தை நிறுத்தப் பேசினோம். சட்டத்தைச் சொன்னபோது தந்தை அசையவில்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் அவருக்கு, மகளை யாரிடம் விட்டுப்போவது என்பதுதான் கவலை. விடுதியில் இடம் கிடைத்ததும் அவரே திருமணப் பேச்சை விட்டுவிட்டார். எனவே, வெளியூர் வேலைக்குப் போவோரின் மகள்களுக்குத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட அரசு விடுதிகளில் முன்னுரிமை தர வேண்டும். விழிப்புணர்வுக் கூட்டங்களில் அதிகாரிகளோடு, சிறுவயதில் மணமாகித் துன்பப்பட்ட அந்தந்த ஊர்ப் பெண்களையும் பேச வைக்க வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, தர்மபுரி