விடுதி அறையையும் காட்டு, கண்ணு

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளா

அன்புள்ள மகளுக்கு,

நீ வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்துக்காக எடுத்த இரண்டு நிமிட வீடியோவை அம்மாவும் நானும் பலமுறை பார்த்தோம். விடியற்காலை வெளிச்சத்தில் கட்டடங்களின் மேலே ட்ரோன் மிதந்து வருவதும், படிக்கட்டில் உட்கார்ந்து சிரிக்கும் பிள்ளைகளும், மரத்தடியில் கிதார் வாசிப்பவனும், வெள்ளை அங்கியோடு சோதனைக் குழாயை உயர்த்திப் பார்க்கும் பெண்ணும் கண்ணுக்கு நிறைவாகவே இருந்தார்கள். உன் கைத்திறன் எனக்குப் பெருமைதான். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் வேறொரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது உனக்குத் தெரியும். அந்த வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் பிள்ளை அவள். அவளுடைய அப்பா பால் சொசைட்டித் திண்ணையில் அதன் வீடியோவை என்னிடம் காட்டி, நீச்சல் குளம் வந்த இடத்தில் நிறுத்தி, "மாஷே, பிள்ளை நீந்தவும் கத்துக்கும்" என்றார். முதல் வருடக் கட்டணத்துக்கு நகை அடகுக்குப் போயிற்று. போய்ப் பார்த்தால் ஒரு ஜன்னல் உள்ள அறையில் நான்கு கட்டில்கள். குளத்துக்குத் தனிக் கட்டணம். ஆய்வகக் கதவு இரண்டாம் வருடத்தில்தான் திறந்தது. இங்கே தமிழ் வழியில் படித்தவள், முழுக்க ஆங்கிலத்தில் நடந்த வகுப்பில் ஒரு மாதம் வாய் திறக்கவில்லை. நீச்சல் குளமும் ஆய்வகமும் அங்கே இருக்கத்தான் செய்கின்றன. அவள் நாள்தோறும் புழங்கிய இடங்கள் மட்டும் அந்த வீடியோவில் இல்லை. படித்த உறவினர் இருப்பவர்கள் நாலு பேரிடம் விசாரித்துக்கொள்வார்கள். நேரில் போய்ப் பார்த்து வர இரண்டு நாள் கூலியை இழக்க வேண்டிய குடும்பத்துக்கு, வீடியோவைப் பார்ப்பதுதான் கல்லூரியைப் பார்ப்பது.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மேடிசன் பல்கலைக்கழகம், தன் சேர்க்கைக் கையேட்டின் அட்டையில், அமெரிக்கக் கால்பந்தாட்டம் பார்க்கும் வெள்ளை மாணவர் கூட்டத்துக்கு நடுவே, அந்த ஆட்டத்துக்குப் போகவே போகாத ஒரு கறுப்பின மாணவரின் முகத்தை ஒட்டி வெளியிட்டு மாட்டிக்கொண்டது. நீ அப்படிச் செய்ய மாட்டாய். ஆனால் வகுப்பு முழுவதையும் விட்டுவிட்டு, சிரித்த முகமுள்ள நாலு பேரை மட்டும் பொறுக்கி எடுத்து நிறுத்துவதும் அதே பாதையில்தான் போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

உன் வீடியோவின் கடைசியில் பெரிய எழுத்தில் வரும் உச்ச சம்பளம் யாரோ ஒரு மாணவருக்குக் கிடைத்தது. 2016 முதல் மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். என்ற கல்வி நிறுவனத் தரவரிசைக்காகக் கல்லூரிகள் கொடுக்கும் விவரத்தில், வேலை கிடைத்தவர்களின் சம்பள நடுமதிப்பு, அதாவது எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது, இருக்கிறது. அது இணையத்திலும் கிடைக்கிறது. அந்த எண்ணைப் போடச் சொல்.

உண்மையைக் காட்டினால் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று உன் மேலதிகாரிகள் நினைக்கலாம். நீ விடுதியில் சேர்ந்த புதிதில், அறையில் சிக்னல் இல்லாமல், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று இரவில் பேசுவாய். பின்னால் வாளிகள் இடிபடும் சத்தமும், குழாயடியில் பெண்கள் முறை வைத்துச் சண்டை போடும் சத்தமும் கேட்கும். அதைக் கேட்டுத்தான், நீ தனியாக இல்லை என்று அம்மா தூங்கப் போவாள். அவ்வளவு தைரியத்தை வீடியோவில் வரும் எந்தப் புல்வெளியும் எங்களுக்குக் கொடுக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் தம்பி இப்போது பிளஸ் டூ. உன் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். ஓணத்துக்கு வரும்போது அவனோடு உட்கார்ந்து, படிக்கட்டில் இருந்தவர்களை எத்தனை முறை சிரிக்கச் சொல்லி எடுத்தாய் என்பதையும், அங்கே ஓர் அறைக்கு எத்தனை பேர் என்பதையும் அவனுக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா