முத்திரை குத்தினால் போதுமா?

ஆசிரியருக்கு, என்னுடையது பழைய 100 சிசி பைக். போன மாதம் தகுதிச் சோதனையில் ஹாரன் அடித்தார்கள், லைட் போட்டார்கள், புகை பார்த்தார்கள், சரி என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். இரண்டே வாரத்தில் மெக்கானிக் முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பிக் காட்டினார்; நடுவில் வந்ததும் பள்ளத்தில் விழுந்த மாதிரி டக்கென்று நிற்கிறது, கோன் செட் (ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங்) போய்விட்டதாம். இது இரண்டு வாரத்தில் வருகிற தேய்மானமா? டயரும் அப்படித்தான். பக்கவாட்டில் 2314 என்றிருந்தால் 2014-இன் 23-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம், பட்டன் (டயர் மேலுள்ள மேடு) தேயாமல் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள், ரப்பரில் வெடிப்பு விட்டிருந்ததை யாரும் குனிந்து பார்க்கவில்லை (நானும்தான்). இதையெல்லாம் பார்க்க ஐந்து நிமிடம் ஆகுமா?

— ஒரு வாசகர்