செய்தியாளர் ஓய்வூதியம்: என் தாயாரின் விண்ணப்பம் குறித்து மீண்டும் ஒரு மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்

அனுப்புநர்:
முன்னாள் தாலுகா செய்தியாளர் ஒருவரின் மகள்

பொருள்: பி.எப். ரசீது இல்லை என்று திருப்பப்பட்ட பத்திரிகையாளர் ஓய்வூதிய விண்ணப்பத்தை மறுபரிசீலனை செய்யக் கோருதல் தொடர்பாக.

பார்வை: திங்கட்கிழமை குறைதீர் கூட்டங்களில் நாங்கள் ஏற்கெனவே கொடுத்த மனுக்கள். எதற்கும் பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் வீடு தாங்கள் அறிந்த தெருவில்தான் இருக்கிறது. பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தாங்கள் வந்து திறந்து வைத்த அங்கன்வாடிக்கு எதிர் வரிசை. அந்த அங்கன்வாடி கூரை ஒழுகுகிறது என்று வருடக்கணக்கில் எழுதியவர் என் தாயார்தான். திறப்பு விழாவன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

1. என் தாயார் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது தொண்டராகச் சேர்ந்தார். இரவில் பெண்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தார், அவர்களோடு சேர்ந்து தானும் சைக்கிள் கற்றுக்கொண்டார். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர், 1993 முதல் 2019 வரை ஒரு தமிழ் நாளிதழின் தாலுகா செய்தியாளராக வேலை பார்த்தார். என் தகப்பனார் அதே பேப்பருக்கு ஏஜெண்ட். விடியற்காலை பேருந்திலிருந்து கட்டு இறக்குவது அவர் வேலை, செய்தி எழுதுவது அம்மா வேலை, பள்ளிக்கூடம் போகும் முன் நாலு தெருவுக்குப் பேப்பர் போடுவது என் தம்பி வேலை. தகப்பனார் இப்போது இல்லை.

2. 58 வயது முடிந்து, 20 ஆண்டு பத்திரிகைப் பணி செய்தவர்களுக்கு அரசு மாதம் 12,000 ரூபாய் ஓய்வூதியம் தருகிறது. அம்மாவுக்கு வயதும் ஆகிவிட்டது, பணிக்காலமும் இருக்கிறது.

3. விண்ணப்பம் திரும்பி வந்ததற்குச் சொல்லப்பட்ட காரணம், பணி நியமன ஆணையும் பி.எப். கணக்கும் இணைக்கப்படவில்லை என்பது. ஐயா, தாலுகா செய்தியாளருக்கு நியமன ஆணை யார் கொடுத்தார்கள்? மாதச் சம்பளமே கிடையாது, பி.எப். எங்கிருந்து வரும்? லைனேஜ் கணக்கில்தான் காசு. செய்தி எத்தனை சென்டிமீட்டர் வந்ததோ அத்தனைக்குப் பணம். மாதக் கடைசியில் அம்மா வெளியான செய்திகளை வெட்டி, பழைய நோட்டில் ஒட்டி, ஒவ்வொன்றையும் ஸ்கேலால் அளந்து ஓரத்தில் பென்சிலால் குறிப்பார். கூட்டிப் போடுவது நான். என் ஜாமெட்ரி பாக்ஸில் ஸ்கேல் இருந்த நாளைவிட இல்லாத நாள்தான் அதிகம். ஐந்து பத்தி எழுதி அனுப்பினால் அரைப் பத்தி வரும். வராத நாலரைக்குப் பேருந்துச் செலவு எங்களுடையது. ஆரம்பத்தில் செய்திக் கவரை மாலைப் பேருந்தில் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்பினார், அப்புறம் பேக்ஸ், அப்புறம் இமெயில், கடைசியில் வாட்ஸ்அப். எல்லாம் மாறியது, லைனேஜ் மட்டும் மாறவில்லை.

சரி, அந்த நோட்டுகளையாவது பாருங்கள் என்று ஒரு சாக்கில் கட்டி எடுத்துப் போனோம். பிரிவில் இருந்தவர் ஒரு நோட்டைப் பிரித்து, இரண்டு பக்கம் புரட்டி, "இதுல உங்கம்மா பேரு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். தாங்களும் தினமும் பேப்பர் படிப்பவர். தாலுகா செய்திக்கு யார் பெயரைப் போடுகிறார்கள்? "நமது நிருபர்" என்று போடுவார்கள். அந்த நமது நிருபர் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தார். ஒன்றும் பேசவில்லை. நோட்டை வாங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டார்.

பத்திரிகை அலுவலகத்தில் கேட்டால் அந்தப் பதிப்பே மூடியாகிவிட்டது, பழைய பதிவுகள் இல்லை என்கிறார்கள். இல்லாத காகிதத்தை எங்கே போய் வாங்குவது? கள்ளக் கையெழுத்தா போட முடியும்? இதைத்தான் முந்தைய மனுக்களிலும் கேட்டிருந்தோம். திரும்பவும் கேட்கிறேன், வேறு எந்தச் சான்று கொடுத்தால் ஏற்பீர்கள் என்று யாராவது சொல்லுங்கள்.

4. எங்களிடம் வேறு சான்று இருக்கிறது. 1996, 2001, 2006, 2011, 2016 சட்டமன்றத் தேர்தல்களில் ஓட்டு எண்ணும் மையத்துக்குள் போக அம்மாவுக்கு அனுமதி அட்டை தரப்பட்டது. அதில் பெயர் இருக்கிறது, புகைப்படம் இருக்கிறது, "செய்தியாளர்" என்று இருக்கிறது, அரசு முத்திரையும் இருக்கிறது. ஓட்டு எண்ணும்போது செய்தியாளர், ஓய்வூதியம் கேட்டால் இல்லையா? அவர் உழைத்த காலத்தில் நடப்பில் இருந்த 1955-ஆம் ஆண்டு உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், திருத்தத்துக்குப் பின் முழுநேரம், பகுதிநேரம் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. இதைச் சொன்னதற்கு, "முதியோர் உதவித்தொகைக்கு எழுதிக் கொடுங்க" என்று பதில் வந்தது. முதியோர் உதவித்தொகை வாங்குவது கேவலம் என்று நான் சொல்லவில்லை. இந்த ஊரில் அது கிடைக்காத எத்தனையோ கிழவிகளுக்கு மனு எழுதிக் கொடுத்து, கூடவே தாலுகா ஆபீஸ் படியேறியவர் அம்மா. அவருக்கு அவர் வேலைக்கான பெயரைக் கொடுங்கள் என்கிறேன்.

5. சமூக சேவை என்று தனியாகச் சொல்ல எனக்குக் கூச்சம். ஒன்று மட்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்து ஓய்ந்ததும், முகாமில் குழந்தைகளுக்குப் பால் பவுடர் இல்லை என்று முதலில் எழுதி அனுப்பியவர் அவர். அனுப்பிவிட்டு, தெருத்தெருவாகத் தார்ப்பாய் வசூலிக்கப் போனார். எங்கள் வீட்டு ஓடும் பறந்திருந்தது. அதை அவர் செய்தியாக எழுதவும் இல்லை, நிவாரணப் பட்டியலில் முதலில் சேர்க்கச் சொல்லவும் இல்லை. தம்பி அதற்காக இன்றும் அவரிடம் சண்டை போடுவான்.

6. இப்போது சர்க்கரையால் பார்வை மங்கிவிட்டது. பேப்பரை நான்தான் படித்துக் காட்டுகிறேன். மருந்துச் செலவு என் தையல் வருமானத்தில்.

ஆகவே, தேர்தல் அனுமதி அட்டைகள், பத்திரிகை கொடுத்த ஆண்டு அடையாள அட்டைகள், லைனேஜ் நோட்டுகள் ஆகியவற்றைப் பணிச் சான்றாக ஏற்று, தங்கள் பரிந்துரையோடு விண்ணப்பத்தை மேலே அனுப்பி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நகல்கள் இணைத்துள்ளேன். அசல் வேண்டுமென்றால் சாக்கோடு கொண்டு வருகிறேன்.

ஐயா, தயவுசெய்து இந்த முறை "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்று மட்டும் முடித்துவிட வேண்டாம். யாருக்கு அனுப்பப்பட்டது, கோப்பு யார் மேசையில் இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். அந்த மேசைக்கு நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்